மானிப்பாயும் இணுவிலும்: யாழ்ப்பாணத்தில் மிசன் வைத்தியம் வேரூன்றிய வரலாறு

நமது சங்கம் நூறாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் கல்லூரியின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது இயல்பே. அதிபர்களின் பெயர்களும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும், வாங்கிய கேடயங்களும் பல மலர்களில் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. யாழ்ப்பாணத்து மிசன் கல்விக்குக் கூடப்பிறந்த இன்னொரு பணியைப் பற்றி நாம் எழுதியது குறைவு. அதுதான் மிசன் வைத்தியம். பள்ளிக்கூடத்தைத் திறந்த அதே கைகள்தாம் மருந்துச் சாலையையும் திறந்தன. பள்ளிக்கூடத்தில் நம் பாட்டிமார் எழுத்துக் கற்ற காலத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் அவர்களுடைய அயலவர்கள் உயிர் பிழைத்தார்கள். சிலர் பிழைக்காமலும் போனார்கள்.

இந்தக் கதையில் இரண்டு சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். ஒன்று விசுவாசம், மற்றது நோயாளர் பராமரிப்பு. கடல் கடந்து வந்தவர்களை இங்கு அழைத்து வந்தது முதலாவது. இந்த ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது இரண்டாவதன் பொருட்டே. இரண்டும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றனவா என்பதையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நோயாளிகளாய் வந்த வைத்தியர்

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ஆம் ஆண்டில். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்களாயின. அந்த முதற் குழுவில் இருந்த எட்வேர்ட் வோறன், ஜேம்ஸ் றிச்சாட்ஸ் ஆகிய இருவரும் குருமாராயிருந்தாலும் ஓரளவு வைத்தியமும் படித்தவர்கள். பிறரைக் குணப்படுத்த வந்த அவர்கள் இருவரையும் சயரோகம் பீடித்திருந்தது. வோறன் 1818 இல், நன்னம்பிக்கை முனையில் உள்ள கேப் டவுணில் காலமானார். றிச்சாட்ஸ் இங்கேயே 1822 இல் கண் மூடினார். மிசன் வைத்தியம் நம் மண்ணில் இப்படித்தான் தொடங்கியது.

அவர்களுக்குப் பின் வந்தவர் டாக்டர் ஜோன் ஸ்கட்டர். நியூயோர்க்கில் நல்ல வருமானமுள்ள வைத்தியராயிருந்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கண்ணிற்பட்ட ஒரு சிறு பிரசுரமே அவரைத் தொழிலை விட்டுப் புறப்பட வைத்தது. 1819 இல் மனைவி ஹரியற்றோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். வழியில் கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்தது. 1820 இல் பண்டத்தரிப்பில் அவர்கள் குடியேறினர்.

அந்த ஆண்டிலேயே அரசாங்கத்தின் மனமும் மாறிவிட்டது. புதிதாக அமெரிக்க மிசனரிமார் எவரும் இலங்கைக்கு வரக்கூடாதென்று தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் தடுத்தார். இந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகவே ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள், உதவிக்கு இன்னொரு வைத்தியர் வருவார் என்ற நம்பிக்கை இல்லாமலே ஸ்கட்டர் வேலை செய்தார். பரியாரியாரின் கைராசியையே நம்பியிருந்த சனங்கள், வேறு வழியில்லாத நோயாளியைத்தான் முதலில் அவரிடம் கொண்டுவந்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. தடை நீங்கியதும் 1833 இல் டாக்டர் நேதன் வாட் வந்து சேர்ந்தார். ஸ்கட்டர் 1836 இல் சென்னைக்கு மாறிப்போனார். அவருடைய குடும்பத்தின் பெயர் இந்தக் கட்டுரையில் பின்னும் ஒருமுறை வரும்.

மானிப்பாயில் ஒரு வைத்தியக் கல்லூரி

வாட்டின் இடத்துக்கு 1847 இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரில் 1822 இல் பிறந்தவர். அதே மாநிலத்தின் பொஸ்ரன் நகரில்தான் 1846 இல் ஈதர் மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டது. அறுவையின்போது நோயாளி கதறத் தேவையில்லை என்று உலகம் அறிந்த அடுத்த ஆண்டே, அந்தப் புதிய வைத்திய உலகத்தைச் சேர்ந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் நம்மிடையே வந்து சேர்ந்தார்.

முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் அவர் நோயாளரைப் பார்த்தார். 1848 இல் ஒருசில மாணவரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது 1870 இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது. கிறீன் இங்கிருந்த காலத்தில் அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

1850 இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏழைகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. நண்பர் உதவிச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த அதுவே பிற்காலத்தில் அரசாங்க வைத்தியசாலையாகி, இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. அதன் தொடக்க காலத்தில் நோயாளரைக் கவனித்தவர்களும் கிறீனும் அவர் பயிற்றிய மாணவருமே.

இம்மாணவர் சிலருடைய பெயர்கள் நமக்கு விசித்திரமாய்ப் படலாம். சாப்மன், டன்போர்த், வில்லியம் போல் என்றெல்லாம் வரும். எல்லாரும் நம் ஊர்ப் பிள்ளைகள்தாம். மிசன் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யார் ஏற்றாரோ அவருடைய பெயரைப் பிள்ளைக்கு இடுவது அக்கால வழக்கம். பெயரை மாற்றிய மிசனுக்குள்ளேயே கிறீன் வேறு விதமாகச் சிந்தித்தார். தம் மாணவர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராக மாறிவிடுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து தமிழருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம்.

தமிழில் வைத்தியம்

அந்தப் பிடிவாதத்தின் விளைவுதான் கிறீனை நாம் இன்றும் நினைப்பதற்கு முதற் காரணம். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்ற மாணவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவான், கிராமத்துக்கு வரமாட்டான் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். விடுமுறையில் தாய்நாடு சென்று 1862 இல் மனைவி மாகிறட்டோடு திரும்பி வந்த பின்னர், வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். இரண்டையும் அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்தே உண்டாக்கினார்கள்.

பிள்ளைப்பேறு பற்றிய நூல் ஏற்கெனவே 1857 இல் வந்திருந்தது. 1867 இல் இரண வைத்தியம் வந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. 1875 இல் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம் என வரிசை நீண்டது. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மனுஷ அங்காதிபாதத்தின் மூலநூல், இன்றும் வைத்திய மாணவர் கையில் தவழும் கிறேயின் உடற்கூற்று நூல்.

இந்தத் தலைப்புகளை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அங்காதிபாதம் என்றால் இன்று நாம் சொல்லும் உடற்கூறியல். சுகரணம் என்றால் உடற்றொழிலியல். இரண வைத்தியம் என்றால் சத்திரசிகிச்சை. தமிழிலோ வடமொழியிலோ பொருத்தமான சொல் கிடைத்தபோது அதை எடுத்தார்கள். கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் வால் ஒட்டிக் 'கெமிஸ்தம்' ஆக்கினார்கள். இந்தச் சொற்கள் பல வழக்கொழிந்துவிட்டன. ஆனால் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று பின்னாளில் மேடைதோறும் விவாதித்தவர்களுக்கு, மானிப்பாய் மாணவர் அதை வகுப்பறையில் செய்து காட்டிவிட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதை மொழிப்பற்றுக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இது நோயாளர் பராமரிப்பின் கதையும்தான். நம் ஆச்சிமார் வைத்தியரிடம் போனால் என்ன சொல்வார்கள்? "நாரி உழையுது", "நெஞ்சு கரிக்குது", "வயித்துக்கை ஏதோ செய்யுது" என்பார்கள். இவற்றை நோயின் குறிகளாக விளங்கிக்கொள்வதற்கும், விளங்கியதைத் திருப்பி ஆச்சிக்குச் சொல்வதற்கும், நோயைப் பற்றிய அறிவு வைத்தியரின் மனத்தில் தமிழில் இருந்தால் வழி இலகு. சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, மிரண்ட முகத்தோடு நோயாளியை அனுப்பிவைக்கும் வழக்கம் இன்றைக்கும் நம்மிடையே முற்றாக ஒழிந்துவிடவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் அதைக் குறையாகக் கண்டார் என்பதே வியப்பு.

உடல் தளர்ந்து கிறீன் 1873 இல் ஊர் திரும்பினார். திரும்பியும் ஓயவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பு வேலையை அங்கிருந்தபடியே தொடர்ந்தார். 1884 மே மாதத்தில் இறந்தார். தம்மைத் தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்றே கல்லறையில் குறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படியே குறிக்கப்பட்டுள்ளது.

மருந்து குறைந்த காலம்

அக்கால வைத்தியத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர்களிடம் இருந்த மருந்துகள் மிகச் சில. நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. அறுவைக் காயம் சீழ்ப் பிடிக்காமலிருக்கக் கிருமிநாசினி பாவிக்கலாம் என்று லிஸ்ரர் எழுதி வெளியிட்டதும் இரண வைத்தியம் அச்சாகிய அதே 1867 இல்தான். வாந்திபேதிக்குக் காரணமான கிருமியைக் கொக் அடையாளங் காட்டியபோது கிறீனின் வாழ்நாள் முடியும் தறுவாயில் இருந்தது.

1866, 1867 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி வாரிக்கொண்டு போனது. வீடு வீடாக, ஒழுங்கை ஒழுங்கையாக மரணம் நடந்தது. நோய் கண்ட வீட்டுக்கு உறவினரே போக அஞ்சிய நாட்கள் அவை. இழந்த நீரையும் உப்பையும் உடலுக்குத் திருப்பிக் கொடுத்தாலே பெரும்பாலோர் பிழைப்பர் என்ற எளிய உண்மையை உலக வைத்தியம் உறுதியாகப் பற்றிக்கொள்ள இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. அபினும் வேறு சில தூள்களுமே கைவசம் இருந்த வைத்தியர் என்னதான் செய்திருக்க முடியும்?

போக முடிந்தது. பக்கத்தில் இருக்க முடிந்தது. துடைத்து, துணி மாற்றி, வாய் நனைத்து, இறுதிவரை ஆளாய் மதித்துப் பார்க்க முடிந்தது. இதைத்தான் பராமரிப்பு என்கிறோம். தாதியராக வேலை செய்த நம் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குணமாகும் என்ற நிச்சயம் இல்லாத இடத்திலும் நோயாளியை விட்டுப் போகாமல் நிற்பதற்கு ஏதோ ஒரு பிடிமானம் வேண்டும். அவர்களுக்கு அந்தப் பிடிமானத்தைக் கொடுத்தது விசுவாசம். வேறொரு சமயத்தவருக்கு வேறொன்று அதைக் கொடுக்கலாம். அடுத்துச் சொல்லப்போகும் சம்பவங்கள் அதற்குச் சான்று.

சாமுவேல் கிறீனும் ஆறுமுக நாவலரும்

கிறீன் பிறந்த அதே 1822 இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் வைத்திய வகுப்புத் தொடங்கிய அதே 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் வைத்தியத்தைத் தமிழ் உரைநடையில் எழுத வழி தேடினார். மற்றவர் சமயத்தையும் பாடநூலையும் தமிழ் உரைநடையில் எழுத வழி வகுத்தார். ஒரே வயது, ஒரே குடாநாடு, ஒரே மொழி. நோக்கத்தில் எதிரெதிர்.

நாவலர் மிசன் பணியைச் சந்தேகத்தோடு பார்த்தார். கல்வியும் மருந்தும் மதமாற்றத்துக்கான வலைகள் என்ற குற்றச்சாட்டு அன்று வலுவாக எழுந்தது. அதை வெறும் பொறாமைப் பேச்சென்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. மிசன் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு வேதம் வாசிக்கப்பட்டது, செபம் சொல்லப்பட்டது. நோயுற்றவர் எழுந்து போக முடியாதவர், ஆகவே கேட்டுத்தான் ஆகவேண்டும். மிசனரிமார் தங்கள் நோக்கத்தை ஒளித்ததுமில்லை. கிறீன் தம்மை ஊழியர் என்றே கருதினார், வைத்தியத்தை அந்த ஊழியத்தின் கையாகக் கண்டார்.

விளைவு என்ன? மானிப்பாய் இன்றும் மருதடி விநாயகரின் ஊர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவராகவே போய்ச் சைவராகவே வீடு திரும்பினார்கள். அறுவடையை எண்ணிப் பார்த்துத்தான் பணியைத் தொடர்வதென்றால், கணக்கு எப்போதோ மூடப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. ஞானஸ்நானம் பெறாத நோயாளிக்கும் அதே கட்டில், அதே மருந்து. மிசன் வைத்தியத்தின் விசுவாசத்துக்குச் சான்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மறுபுறத்தில் இதையும் நினைவில் வைப்போம். 1877 இல் பஞ்சமும் நோயும் வாட்டியபோது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு அன்னமிட்டவர் நாவலர். வாதத்தில் எதிர்நின்ற இரு தரப்பாரும், பசித்தவனுக்கும் நோயாளிக்கும் முன்னால் ஒரே வேலையைச் செய்தார்கள்.

மூடிய கதவுக்கு அப்பால்

இவ்வளவு புத்தகம் எழுதியும் கிறீனால் திறக்க முடியாத கதவு ஒன்றிருந்தது. அது பேற்றறையின் கதவு. பிள்ளைப்பேற்றைப் பற்றித் தமிழில் நூல் இருந்தது. அதைப் படித்த வைத்தியரும் இருந்தார். ஆனால் அவர் ஆண். வெள்ளைக்கார ஆணானாலும் நம்மூர் ஆணானாலும் பேற்று வலியில் துடிக்கும் பெண்ணின் அருகே அவரை விட எந்தக் குடும்பமும் இலேசில் இணங்கவில்லை. மருத்துவிச்சியின் அனுபவம் கைகொடுத்த இடத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கைமீறிப் போன இடத்தில் அழைக்க ஆளில்லை.

இந்தத் துயரம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜோன் ஸ்கட்டரின் பேத்தி ஐடா ஸ்கட்டர், தமிழ்நாட்டில் திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்த ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பேற்றில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தனர். ஐடா வைத்தியர் அல்லர். வைத்தியரான அவருடைய தந்தையை அழைத்துப்போக மூவரும் மறுத்துவிட்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த இரவுக்குப் பின் ஐடா அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று 1899 இல் பட்டம் பெற்றார். வேலூரில் அவர் தொடக்கிய சிறு மருந்தகமே பெரும் ஆஸ்பத்திரியாகவும், 1918 இல் பெண்களுக்கான வைத்தியக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

யாழ்ப்பாணத்திலும் இதே தேவையை உணர்ந்தவர்கள் பெண்களே. மிசன் ஊழியத்துக்கு வந்திருந்த மேரி, மாகிறட் லீச் என்னும் சகோதரிகள், பெண்களுக்கென்று பெண் வைத்தியர் பணிபுரியும் ஆஸ்பத்திரி ஒன்று வேண்டுமென்று பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்று பேசிப் பணம் திரட்டினார்கள். மானிப்பாய்க்கு 1893 இல் டாக்டர் தோமஸ் ஸ்கொட்டும் அவருடைய மனைவி டாக்டர் மேரி ஸ்கொட்டும் வந்தார்கள். கிறீன் போன பின் அவ்வாஸ்பத்திரியின் பணியைத் தளரவிடாமல் தாங்கியவர்கள் அவர் பயிற்றிய நம்மூர் வைத்தியர்களே. 1898 இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே திறக்கப்பட்டது.

இணுவில் ஆஸ்பத்திரியோடு பிரிக்க முடியாமல் இணைந்த பெயர் டாக்டர் இசபெல்லா கேர். பல பத்தாண்டுகள் அவர் அங்கே உழைத்தார். கதவு திறந்தது என்பதற்குச் சான்று, குடாநாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பெண்கள் பேற்றுக்காக இணுவிலுக்கு வந்ததே. "நான் இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

ஏற்கப்படாத ஒரு வைத்தியர்

நூற்றாண்டு மலரில் பெருமைகளை மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் இந்த வரலாற்றில் மிசன் தனக்குத் தானே தோற்ற ஓர் அத்தியாயம் உண்டு. அது பெண்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது.

மேரி அர்வின், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 இல் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் கற்பதே அரிதாயிருந்த நாளில் ரொறன்ரோவில் கற்றுத் தேறி, 1896 இல் யாழ்ப்பாணத்து வைத்திய ஊழியத்துக்கென அமெரிக்க மிசனால் அனுப்பப்பட்டார். புறப்படும் முன்பே அவர் மணம் செய்திருந்தார். மணமகன் யாழ்ப்பாணத்துத் தமிழர், சாமுவேல் கிறிஸ்மஸ் கனகறட்ணம். அவரும் கிறிஸ்தவரே, படித்தவரே. ஆயினும் தமிழரை மணந்த வெள்ளைப் பெண்ணைத் தன் வைத்தியராக வைத்துக்கொள்ள மிசனுக்கு மனம் வரவில்லை. தமிழருக்காக உயிரையும் கொடுக்கலாம், தமிழரோடு வாழ்க்கைப்படக் கூடாது என்பதே அதன் பொருள்.

பெண் வைத்தியருக்காக ஊர் ஏங்கிக் கிடந்த காலத்தில் இப்படியொரு முடிவு. இழப்பு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மேரி றட்ணம் கொழும்புக்குப் போனார். லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணிபுரிந்து, பின் தாமாகவே பெண்களுக்கு வைத்தியம் செய்தார். தமிழ் மகளிருக்கான சங்கத்தை 1909 இல் அமைப்பதிலும், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்திலும் முன்னின்றார். 1930 இல் இலங்கை மகளிர் சமித்தியைத் தோற்றுவித்து, சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் கைத்தொழிலும் கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சேர வழி செய்தார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958 இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் மறைந்தார்.

மிசன் கைவிட்ட பிறகும் மேரி றட்ணம் நோயாளரைக் கைவிடவில்லை. தமிழர் தமிழராகவே இருக்கட்டும் என்று வாதாடிய கிறீனின் மிசனே, ஒரு தலைமுறை கழித்து, தமிழர் ஒருவரின் மனைவியை ஏற்க மறுத்தது. இரண்டும் ஒரே மிசனின் வரலாறு. நாம் இரண்டையும் எழுத வேண்டும், இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஏட்டில் இல்லாத பெயர்கள்

இதுவரை எழுதியதைத் திரும்பிப் பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. பெயர் சொன்னவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். நம்மவரில் சொன்ன ஓரிருவரும் ஆண்கள். ஆனால் மானிப்பாயிலும் இணுவிலும் இரவில் கண் விழித்தவர்கள் யார்? காய்ச்சலில் பிதற்றிய பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டவர்கள் யார்? ஆங்கில டாக்குத்தரம்மாவுக்கும் நடுங்கிய தாய்க்கும் இடையே நின்று, சொல்லை மட்டுமல்லாமல் பயத்தையும் பெயர்த்துச் சொன்னவர்கள் யார்?

அவர்கள் நம் ஊர்ப் பெண்கள். மிசன் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கணக்கும் கற்று, மிசன் ஆஸ்பத்திரியில் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெற்றவர்கள். அன்னியரின் உடற்கழிவைத் தொடுவது இழிவென்று எண்ணிய சமூகத்தில், சாதி பார்க்கும் கண்கள் சுற்றிலும் இருக்க, எல்லா நோயாளியையும் தொட்டவர்கள். கலியாணப் பேச்சில் அந்த வேலையே தடையாகிப்போன கதைகளை நம்மிற் பலர் கேட்டிருப்போம். வெள்ளைக்கார வைத்தியர் பலர் ஒரு நாள் கப்பலேறினார்கள். இவர்கள் இங்கேயே இருந்தார்கள். பின்னர் அரசாங்க ஆஸ்பத்திரிகளும் குடும்பநல மருத்துவ மாதர் சேவையும் நாடெங்கும் பரவியபோது, அந்தப் பணிக்கு வேண்டிய கைகள் நம்மிடையே ஏற்கெனவே பழகியிருந்தன. போர்க் காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாத விடுதிகளில் நோயாளரை விட்டு அகலாமல் நின்ற தாதியரும் அதே வழியில் வந்தவர்களே.

1947 இல் தென்னிந்திய திருச்சபை உருவான பின் இவ்விரு ஆஸ்பத்திரிகளும் அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ் வந்தன. போரும் இடப்பெயர்வும் அவற்றையும் நலிவடையச் செய்தன. மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் கிறீனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைத் தூக்கி நிறுத்தப் புலம்பெயர்ந்த நம்மவர்களும் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, கட்டடத்துக்குப் பணம் சேர்க்க நமக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து செய்வோம். இந்த நூற்றாண்டு ஆண்டில் இன்னுமொன்றையும் செய்யலாம் என்பது என் விண்ணப்பம். உங்கள் குடும்பத்தில் தாதியாகவோ, மருத்துவிச்சியாகவோ, மருந்து கலப்பவராகவோ மிசன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு பெரியம்மா, ஓர் அப்பாச்சி, ஒரு மாமி இருந்திருக்கலாம். அவருடைய முழுப்பெயரை, பிறந்த ஊரை, எந்த ஆண்டுகளில் எங்கே வேலை செய்தார் என்பதை, அவர் வாயால் நீங்கள் கேட்ட ஒரு சம்பவத்தை, ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அவரை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும் காலம் இது. இன்னும் பத்து ஆண்டு போனால் கேட்பதற்கும் ஆளிருக்காது.

கிறீனின் பெயர் கல்லிலும் கட்டடத்திலும் இருக்கிறது. அவருடைய நூல்கள் நூலகங்களில் இருக்கின்றன. நம்முடைய பெண்களின் பெயர்களை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாமே. அதற்குத் தேவையான எழுத்தை அந்தப் பள்ளிக்கூடங்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன.